நீலத் தாள்

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில்
வண்டி வாடகைக்கு விடும் கடையில்
எட்டு வருடமாக இதே கேள்விகள்.
எந்த வழி. எத்தனை பேர். எத்தனை லிட்டர் தண்ணீர்.
எத்தனை மணிக்குள் உங்கள் குரல் வர வேண்டும்.
வராவிட்டால் நான் யாரை அழைப்பது.

பதில்களை எழுத ஒரு நீலத் தாள்.
சட்டம் கேட்கவில்லை, முதலாளியும் கேட்கவில்லை.
வீணான பில் புத்தகத்தின் பின்பக்கத்தை
நானே வெட்டி வைத்துக்கொண்டேன்.

ஜனவரி. காலை எட்டுக்கே முப்பத்தாறு டிகிரி.
இளமாறனும் சௌபர்ணிகாவும் வந்தார்கள்.
புதுப் பெட்டியின் கைப்பிடியில்
விமானச் சீட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
மெரீனி சாலை வழியாக கிங்ஸ் கேன்யன்.
"மேப் டவுன்லோட் பண்ணியாச்சு" என்று அவளிடம் சொன்னான்.

நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன்:
தார் முடிகிற இடத்துக்கு முன்பே சிக்னல் முடிந்துவிடும்.
பொழுது சாயும்போது ஓட்டாதீர்கள்,
கங்காரு ஹாரனுக்கு ஒதுங்காது, மாடும் ஒதுங்காது.

அவள் என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தாள்.
"திலகவதியா? ஐயோ, நீங்க தமிழா!"

அவ்வளவுதான்.
அதுவரை இருவர் முகத்திலும் இருந்த
கொஞ்சநஞ்ச பயமும் இறங்கிப் போயிற்று.
நான் அக்கா ஆகிவிட்டேன்.
அக்கா சொல்வதை யார் எப்போது கேட்டார்கள்?
இங்கே தோசை மாவு கிடைக்குமா என்றாள்.
சாட்டிலைட் போன் வாடகையை
"கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்றான்.
"ரெண்டு பாட்டில் தண்ணி இருக்குக்கா,
வழியில கடை இருக்கும்ல?"

மறுபடி ஆங்கிலத்துக்கு மாறினேன்,
காக்கிச் சட்டையை எடுத்து மாட்டுவதுபோல.
கடை இல்லை என்றேன்.
இருபது லிட்டர் கேன்களை
நானே தூக்கிப் பின்னால் வைத்தேன்.
டச்சுக்காரர் ஒருவரின் கதையைச் சொன்னேன்:
அச்சு முறிந்த வண்டியின் நிழலில்
மூன்று நாள் அசையாமல் கிடந்தவர்.
நடந்திருந்தால் கிடைத்திருக்க மாட்டார்.
வண்டியைத்தான் மேலிருந்து தேடுவார்கள், ஆளை அல்ல.
சௌபர்ணிகா சிரிப்பை நிறுத்தினாள்.
போனை எடுத்துக்கொண்டார்கள்.
காசு குறைக்கவில்லை.

வராவிட்டால் யாரை அழைப்பது?
பொள்ளாச்சியில் இருக்கும் அவள் அம்மாவின் எண்ணை எழுதினார்கள்.

மாலை ஆறு என்றது தாள்.
ஆறுக்குக் கடையைச் சாத்தினேன், விளக்கை அணைக்கவில்லை.
ஆறரை.
கேன்களை ஒரு கணக்கு, வெயிலை ஒரு கணக்கு,
கணக்குக்குள் வராதது அவன் வேகம்.
ஏழு மணிக்கு ரிசீவரை எடுத்தேன்.
பொள்ளாச்சியில் அப்போது பிற்பகல் மூன்று.
ஒரு அம்மா சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருப்பாள்.
அவளிடம் என்னவென்று தொடங்க?
அம்மா, நீங்கள் பெயர்கூடக் கேட்டிராத ஒரு ரோட்டில்,
இல்லை.
வைத்துவிட்டேன்.
எட்டரை வரை பார்ப்போம், பிறகு போலீஸ்,
அதற்கும் பிறகுதான் பொள்ளாச்சி.
வரிசையைத் தாளின் ஓரத்தில் எழுதினேன்.
எழுதிய கை கொஞ்சம் சாந்தமானது.

எட்டு பதினொன்றுக்குச் செய்தி வந்தது.
"அக்கா வந்துட்டோம் நாலு மணிக்கே.
போன் பெட்டிக்கு அடியில மாட்டிக்கிச்சு.
ஒட்டகம் பாத்தோம்!!"

நாலு மணிக்கே.
திட்ட வாய் திறந்தேன், ஆள் இல்லை.
தாளின் குறுக்கே ஒரு கோடு போட்டேன்,
பேனா பின்பக்கம் வரை பதிந்தது.

பொள்ளாச்சியில் அந்த அம்மாவுக்குத் தெரியாது,
தன் மகள் இன்று
இரண்டு மணி பதினொரு நிமிடம்
காணாமல் போயிருந்தாள் என்று.

கதவைப் பூட்டினேன்.
என் காரின் பின்கதவைத் திறந்து
தண்ணீர் கேன் நிறைந்திருக்கிறதா என்று பார்த்தேன்.
வீடு நான்கு தெரு தள்ளித்தான்.